டிரஸர் நல்லையா அவர்களுடையதல்லாத நாற்பது நிமிடம்

கட்டுப்போட்ட காயங்களைக் கனவிலும் மறவாதவரே, தாழிட்ட கதவைத் தள்ளிப் பார்க்காமல் தாண்டாதவரே, முப்பத்தொரு ஆண்டு காஜா பேராங் மிஷன் மருந்தகத்தில் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் மூத்த ஊழியராய் இருந்து இன்று ஓய்வு பெறும் டிரஸர் நல்லையா ஐயா அவர்களே,

காலை ஐந்தே முக்காலுக்குத் தாங்கள் சைக்கிளைச் சுவரில் சாய்ப்பீர்கள். பூட்டைத் திறப்பீர்கள். அடுப்பு மூட்டி ஊசிகளைக் கொதிக்க வைப்பீர்கள். கொதித்த நீரைக் கொட்டிவிட்டு, சந்தேகத்துக்கு இன்னொரு முறை கொதிக்க வைப்பீர்கள். ஆறரைக்கு, தமிழ் மறந்து மலாய் பேசும் கம்போங் செட்டிப் பெண்கள் பிள்ளைகளோடு வந்துவிடுவார்கள். அவர்களிடம் மலாயிலும், மற்றவர்களிடம் தமிழிலும், ஒரே கேள்வியை மூன்று முறை கேட்பீர்கள். மருந்து மாறி ஒருவரும் இங்கே இறந்ததில்லை. பயந்தவர் கையில் மருந்து மாறாது.

தங்கள் பயத்தையே நாங்கள் இன்று பாராட்ட எழுந்திருக்கிறோம். அதை ஏளனம் செய்த நாட்களும் உண்டு. ஐம்பத்தாறாம் ஆண்டு ஏப்ரலில், நம் சபையின் வாலிபர் சங்கம் ஜாசின் தாண்டிய ஒரு ரப்பர்த் தோட்டத்துக்குச் சேவைப் பயணம் போக முடிவு செய்தது. தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றுப் பூச்சி மருந்தும் பாலும் கொடுப்பது, கழிவறைக்குக் குழி வெட்டுவது என்று திட்டம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் கொரில்லாக்களோடு வெள்ளை அரசு போரிட்ட அவசரகாலம். அந்த ரோட்டில் லாரிகள் சுடப்பட்ட செய்தி மாதம் ஒன்றாவது வந்தது. சபையார், போகிற பதினான்கு பேரையும் தங்களிடம் ஒப்படைத்தார்கள்.

ஐந்து சனிக்கிழமை தாங்கள் அவர்களைப் பழக்கினீர்கள். விசில் ஊதினால் லாரித் தட்டில் குப்புற விழ வேண்டும். மறு விசில் வரும்வரை தலை தூக்கக் கூடாது. பதினெட்டு வயது ராஜரத்தினம் படுத்தபடியே கேட்டான்:

“ஐயா, அங்க புலி வந்தா எத்தன மாத்திர?”

“உனக்கு ஒண்ணும் வேணாம். ஒன்னய தின்னா புலிக்குத்தான் வேண்டியிருக்கும்.”

எல்லாரும் சிரித்தார்கள். தாங்கள் சிரிக்கவில்லை, அவனை மறுபடி விழச் சொன்னீர்கள்.

நம் மருந்தக எழுத்தர் தேவதாஸின் மனைவி விஜயா குழுவிலிருந்த பெண்களுக்குத் தலைவி. மணமாகி ஏழு மாதம். அவரும் தங்களை விட்டுவைக்கவில்லை.

“நீங்க கடவுள நம்புறீங்களா, மலேரியா மாத்திரய நம்புறீங்களா?”

“ரெண்டயுந்தாம்மா. மாத்திரயத் தண்ணியில முழுங்கணும். வாயத் தொற.”

தேவதாஸ் அப்போது மருந்தகச் சன்னலில் நின்றிருந்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தங்கள் பயம் அவருக்கும் இருந்தது. அதை வைத்துச் செய்ய அவருக்கு ஒரு வேலை இல்லை.

புறப்படும் காலை வந்தது. லாரி ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும். ஆறரைக்குத் தாங்கள் மூட்டைகளை அவிழ்த்துப் பார்த்தீர்கள். நாற்பது பால் டின். முதல் நாள் ஜாலான் பெண்டஹாராவில் யூனுஸ் கடையில் வாங்கியவை. டின்னை விற்கும்போதே கடைக்காரர் துளையிட்டுக் கொடுக்க வேண்டும் என்பது அப்போதைய சட்டம். துளையிட்ட பால் வெகுநாள் தாங்காது, காட்டில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேராது. யூனுஸ் ஒவ்வொன்றிலும் துளையிட்டுத்தான் கொடுத்திருந்தார். நம் பிள்ளைகள் இரவோடு இரவாக ஒவ்வொரு துளையையும் அடைத்திருந்தார்கள். பீடத்து மெழுகுவத்தித் துண்டுகளை உருக்கி.

தாங்கள் ஒரு டின்னைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தீர்கள்.

“யாரு செஞ்சது இது?”

“நாந்தான் ஐயா,” என்றார் விஜயா. “எறும்பு ஏறுது. புள்ளைங்க குடிக்கிறது.”

“செக் போஸ்ட்ல இதத் தட்டிப் பாப்பான், தாயி. யாருக்கு மூடி எடுத்துட்டுப் போறன்னு கேப்பான். எறும்புன்னு சொல்லுவியா? பதினாலு பேரும் உள்ள போயிருவீங்க.”

தாங்கள் கத்தியும் கரண்டியும் எடுத்துக் கொடுத்தீர்கள். பிள்ளைகள் பின்னறையில் உட்கார்ந்து மெழுகைச் சுரண்டினார்கள்.

லாரி ஏழு ஐம்பதுக்குத்தான் கிளம்பியது. எட்டரைக்கு மழை பிடித்தது. எட்டே முக்காலுக்குச் செம்மண் வளைவில் லாரி சறுக்கிப் புரண்டது. துப்பாக்கி இல்லை, விசில் இல்லை. தங்கள் தோள் எலும்பு முறிந்தது. பிள்ளைகளுக்குச் சிராய்ப்பு. விஜயா அங்கேயே இறந்தார்.

அடக்கத்தன்று, கட்டுப்போட்ட தோளோடு, தாங்கள் தேவதாஸிடம் சொன்னது எங்களுக்கும் கேட்டது: “ஏழு மணிக்கே போயிருந்தா மழைக்கு முன்னாடி தோட்டத்துக்குள்ள இருந்திருப்போம். எம் பயத்தால வந்தது தம்பி.” அவர் பதில் சொல்லவில்லை. துக்கம் என்று நினைத்தோம். அன்றுமுதல் இரண்டு ஆண்டு, ஒரே கூரையின் கீழ், தாங்கள் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. வாலிபர் சங்கத்தின் பக்கமும் போனதில்லை. சென்ற ஆண்டு சுதந்திரம் வந்தது. அந்தத் தோட்டத்திலிருந்து மூன்று முறை அழைப்பும் வந்தது. மூன்றுக்கும் தாங்கள் மறுத்து எழுதினீர்கள். இந்த விழாவிலும் மாலை வேண்டாம் என்றீர்கள்.

இந்த வாழ்த்து மடலை எழுதும் பொறுப்பைத் தேவதாஸிடம் கொடுத்தோம். ஒரு வாரம் எழுதவில்லை. வியாழக்கிழமை எங்களை உட்காரச் சொல்லி ஒன்று சொன்னார். சபை நடுவே படிக்கச் சொன்னதும் அவரே.

டின்களைச் சுரண்டி முடித்தது ஏழு பத்துக்கு. பிள்ளைகள் லாரியில் ஏறிவிட்டார்கள். தேவதாஸ் மனைவியை மட்டும் பின்னறையில் நிறுத்திக் கதவைச் சாத்தினார்.

“போகாத. காய்ச்சல்னு சொல்லிடலாம்.”

“யாருக்கு? ஒங்களுக்கா?”

“வெளையாடாத விஜயா.”

அவர் கெஞ்சினார். கோபப்பட்டார். மறுபடி கெஞ்சினார். வெளியிலிருந்து தாங்கள் இரண்டு முறை கதவைத் தட்டினீர்கள். “இன்னும் நாலு டின் பாக்கி ஐயா,” என்று உள்ளிருந்து சொன்னவர் தேவதாஸ். ஒரு டின்னும் பாக்கியில்லை. தாங்கள் நம்பினீர்கள். லாரியில் ஏறி நின்றீர்கள். மொத்தம் நாற்பது நிமிடம் காத்திருந்தீர்கள்.

ஏழு பத்துக்குக் கிளம்பியிருந்தாலும் மழைக்கு முன் தோட்டம் போய்ச் சேர்ந்திருக்கலாம். டின்களால் ஆன தாமதம் பத்து நிமிடம். அது பதினான்கு பேரைச் சிறையிலிருந்து காத்தது. மீதி நாற்பதும் தேவதாஸுடையவை. தங்கள் முதுகில் அந்தப் பழி ஏறியதை இரண்டு ஆண்டு பார்த்துக்கொண்டு அவர் வாய் திறக்கவில்லை. தங்களுக்கு இருந்தது பிறருக்கான பயம். தமக்கு இருந்தது அது அல்ல என்றார்.

ஐயா, தோள் வலி தணிந்து, கண் மங்காமல், வீட்டு அம்மாவோடும் பேரப்பிள்ளைகளோடும் தாங்கள் பல்லாண்டு வாழ வேண்டும். கதவை ஒருமுறை மட்டும் தள்ளிப் பார்த்து உறங்கும் இரவுகள் தங்களுக்கு வாய்க்க வேண்டும். டிசம்பரில் அந்தத் தோட்டத்துக்கு மறுபடி ஒரு குழு போகிறது. அவர்களைப் பயமில்லாத ஒருவரிடம் ஒப்படைக்க எங்களுக்கு மனமில்லை.

மருந்தக ஊழியர் எழுவரும் 1958 மே முப்பத்தொன்றாம் நாள் இதில் கையொப்பமிட்டுள்ளோம். தேவதாஸ் தம் கையொப்பத்துக்கு மேலே சிறிது இடம் கேட்டார், கொடுத்தோம். விஜயா கடைசியாகச் சங்கீதம் சொன்னதாகச் சபை இதழில் வந்தது. அதை யாரும் கேட்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு லாரிக்குப் போகுமுன் அவர் தம் கணவரிடம் சொன்னதை, சொன்னபடியே, அவர் தம் கையால் இங்கே எழுதியிருக்கிறார்:

“டிரஸர் ஐயாவப் பாருங்க, ஒங்களவிட பயந்துபோய் நிக்கிறாரு, ஆனா ஏறிட்டாரு பாத்தீங்களா. நா அவரு பக்கத்துலயே ஒக்காந்துக்கிறேன்.”