எந்த ஊர் என்று கேட்டார் மருத்துவர்

இந்தக் கண் முகாமுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தொழிற்சங்கத் தலைவர் பூபதிராஜா அவர்களே, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசைப் பெரியவர்களே, மூணாற்று மலையெங்கும் என்னோடு வண்டி ஓட்டிய தோழர்களே! ஜீப் ஓட்டுநர் தங்கதுரை உங்கள் முன் தலை தாழ்த்துகிறேன்.

தலை தாழ்த்துவது எனக்குப் பழக்கம்தான். ஆறாண்டுகளுக்கு முன் மதுரையில் ஏழு நாள் குப்புறக் கிடந்தவன் நான். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். அச்சத்தை மறைக்க அன்று நானும் சிரித்தேன்.

என்ன நேர்ந்தது? எதிரே வந்த பேருந்தின் சக்கரம் தெரிந்தது, கூரை தெரிந்தது, நடுவில் ஓட்டுநரின் முகத்தைக் காணவில்லை! சாலையின் வெள்ளைக்கோடு நெளிந்தது. வலது விழித்திரையின் மையத்தில் ஓட்டை என்றார் மருத்துவர். அறுவை செய்தார். ஓட்டை மூடுவதற்காகக் கண்ணுக்குள் வாயுக்குமிழி ஒன்றை நிரப்பினார். அது மேலெழுந்து ஓட்டையை அழுத்தத்தான் அந்த ஏழு நாள் குப்புறப் படுக்கை. அனுப்பும்போது கேட்டார்: "எந்த ஊர் ஐயா?"

நான் என்ன சொன்னேன்? நீங்கள் என்ன சொல்வீர்களோ அதைத்தான். நான்கு தலைமுறையாக இங்கே பிறக்கிறோம், இங்கேயே புதைகிறோம். ஊர் எது என்றால் மட்டும் பூட்டன் விட்டு வந்த ஊரைச் சொல்கிறோம். "போடிங்க" என்றேன். தரையில் வாழ்பவனிடம் மலையைப் பற்றி எதற்குப் பேசுவார்? "குமிழி கரையும்வரை விமானத்தில் போகாதீர்கள்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். விமானத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

பத்தாம் நாள், என்னோடு வண்டி ஓட்டும் தோழர் சுவக்கீனின் ஜீப்பில் வீட்டுக்குக் கிளம்பினோம். போடிமெட்டு வளைவுகளில் ஏற ஏற, கண்ணுக்குள் யாரோ ஆணி இறக்குவது போல் வலித்தது. உயரம் கூடினால் குமிழி விரியும் என்று நான் கண்டேனா? வலி கூடியது, வெளிச்சம் அணைந்தது.

இதோ அமர்ந்திருக்கிறாளே என் மனைவி இந்து, அவள்தான் சொன்னாள்: "அண்ணே, வண்டியத் திருப்புங்க. மேல ஏறஏறத்தான் இவருக்கு வலி கூடுது."

"வீடு பக்கத்துல வந்துருச்சே தங்கச்சி."

"வீடு எங்கயும் போயிராதுண்ணே. கண்ணு போயிரும்."

மறுபடி மதுரைக்கே இறங்கினோம். மருத்துவர் கண்ணின் அழுத்தத்தைக் குறைத்தார்; பார்வை பிழைத்தது.

பிறகு என்ன ஆயிற்று என்கிறீர்களா? ஓட்டை மூடியது; ஆறாண்டாக மூடியே இருக்கிறது. இரண்டாம் ஆண்டு அதே கண்ணில் புரை விழுந்தது, எடுத்தார்கள். எழுத்துகள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. கோடு இன்னும் கொஞ்சம் வளைகிறது. ஆனால் அச்சம்? அது ஒருநாளும் போகவில்லை. மறு கண்ணிலும் வரலாம் என்றார்கள். அன்றிலிருந்து காலைதோறும் வலக்கண்ணைப் பொத்தி, இடக்கண்ணால் வாசல் நிலையைப் பார்க்கிறேன்.

இன்று காலை அந்த நிலை வளைந்தது.

இந்து, உன்னிடம் இன்னும் சொல்லவில்லை. உட்கார் அம்மா. பயமாக இருக்கிறது, அதை இத்தனை பேர் நடுவில்தான் என்னால் சொல்ல முடிந்தது.

தாய்மார்களே, ஒரு கண்ணைப் பொத்துங்கள். இந்த ஒலிபெருக்கிக் கம்பியைப் பாருங்கள். அடுத்த கண்ணாலும் பாருங்கள். வளைந்தால் வீட்டுக்குப் போகாதீர்கள், மருத்துவர்கள் இருக்கும் பந்தலுக்குள் போங்கள்.

நாளை நான் மதுரை போகிறேன். எந்த ஊர் என்று கேட்பார். மூணாறு என்பேன். தேயிலைத் தோட்டத்து மேல் லயத்து வீடு, மலை உச்சி என்பேன். மறுபடி குமிழி வைத்தால், அது கரையும்வரை மலை ஏற மாட்டேன்.

பொறுமையாய்க் கேட்டவர்களுக்கு நன்றி. உங்கள் முகங்களை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன். வணக்கம்.