ஒன்பதாம் நாள் பால்கனி

முட்டை வாங்கினால் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் உடைப்பேன். மிதந்தால் கூமுட்டை. கடைக்காரன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் தண்ணீர் சொல்வதைத்தான் கேட்பேன். இதில் என்ன தப்பு, நீங்களே சொல்லுங்கள் ஐயா.

என் மகன் அப்படி இல்லை. வழவழப்பான தாளில் படம் போட்டுக் காட்டினால் போதும், வாயைப் பிளந்துகொண்டு நிற்பான். கட்டி முடிக்காத அடுக்குமாடி வீட்டை அப்படித்தான் வாங்கினான். "முதல் மாடிப்பா. தெருவைப் பார்த்த பால்கனி. காலையில நீங்க நாற்காலி போட்டு உக்காரலாம்" என்றான். படத்தில் அந்த நாற்காலியில் ஏற்கெனவே எவனோ உட்கார்ந்திருந்தான். வானத்தில் வரப்போகிற வீட்டுக்காகத் தரையில் இருந்த என் வீட்டை விற்றோம்.

நான் கல்குவாரியில் நாற்பது வருஷம் சம்மட்டி பிடித்தவன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. தினமும் கட்டட வேலை நடக்கிற இடத்துக்குப் போய் மணல் குவியல் மேல் உட்காருவேன். மேஸ்திரிக்கு என்னைக் கண்டாலே ஆகாது. "பெரியவர் வந்துட்டாருடா, செங்கல்லை எண்ணி வைங்க" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பால்கனிக்குக் கான்கிரீட் போட்ட அன்றும் அங்கேதான் இருந்தேன். பால்கனி என்பது சுவரிலிருந்து நீட்டிய கை மாதிரி. அதை இழுத்துப் பிடிக்கிற கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். மேஸ்திரியே யாருக்கோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்று சட்டி தூக்கியவர்கள் அந்தக் கம்பியை மிதித்து மிதித்து அடியில் அமுக்கிவிட்டார்கள். அதன் மேலேயே கொட்டி, மெழுகி, மூடிவிட்டார்கள்.

வாடகை வீட்டுக்கு வந்து சொன்னேன். மகன் விழுந்து விழுந்து சிரித்தான். "இவருக்குத் தன் நிழல் பின்னால வந்தாலே சந்தேகம். எந்தக் காலேஜ்ல இன்ஜினியருக்குப் படிச்சீங்கப்பா?" என்றான். "சும்மா இருங்க, மாமா கண்ணால பார்த்ததைத்தானே சொல்றாங்க" என்றாள் மருமகள். அவள் நல்ல பெண்.

ஒன்பதாம் நாள் மதியம் மேஸ்திரி ஆட்களோடு சாப்பிடப் போயிருந்தான். மகனும் மருமகளும் வீட்டைப் பார்க்க வந்தார்கள். பால்கனியின் வெளி ஓரத்தைத் தரையிலிருந்து நான்கு மர முட்டுகள் தாங்கிக்கொண்டிருந்தன. மூன்று வாரமாவது அதைத் தொடக்கூடாது என்பது மேஸ்திரியின் கட்டளை.

"ஒழுங்கா போட்டிருந்தா எதுக்குடா இத்தனை கம்பு?" என்றேன்.

மகனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. பால்கனிக்கு நேர் கீழே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "இந்தா நிக்கிறேன். விழுந்தா என் தலையிலயே விழட்டும். இனிமே இந்தப் பேச்சை எடுக்காதீங்க" என்றான்.

சம்மட்டி என் சாக்குப் பையில் இருந்தது. எப்போதும் அதில்தான் கிடக்கும் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். இல்லை. அன்றைக்குத்தான் எடுத்துப் போனேன்.

முட்டுக்கு அடியில் ஆப்பு வைத்திருப்பார்கள். அது போனால் முட்டு தானே சாயும். முதல் ஆப்பைத் தட்டியதும் மகன் சிரித்தான். "அடிங்க, அடிங்க" என்றான். இரண்டாவதில் சிரிப்பு நின்றது. "வெளிய வாங்களேன்" என்று மருமகள் கூப்பிட்டாள். அவன் வரவில்லை. என் ரத்தமாயிற்றே, வீம்பு விடுமா? மூன்றாவது சாய்ந்தபோது மேலிருந்து பொடி கொட்டி அவன் தலை நரைத்தது. பையன் என் வயதுக்கு வந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காவதுக்கு ஒரே அடி.

பால்கனி அடியில் அடித்திருந்த பலகையோடு மடிந்து இறங்கியது. குவாரியில் இதைவிடப் பெரிய சத்தமெல்லாம் கேட்டிருக்கிறேன். அவனில் வெளியே தெரிந்தது ஒரு கால் மட்டும். அது கொஞ்ச நேரம் மண்ணை உதைத்தது. பிறகு நின்றுவிட்டது.

நான் முதலில் சுவரோரம் உடைந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். கம்பி அடியில்தான் கிடந்தது, நான் சொன்ன அதே இடத்தில். மருமகள் கான்கிரீட்டை வெறுங்கையால் பறண்டிக்கொண்டிருந்தாள். நகமெல்லாம் பிய்ந்து ரத்தம். "கம்பியைப் பாரும்மா" என்றேன். அவள் திரும்பவில்லை. ஓடிவந்த மேஸ்திரி பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் என் மகன் ஏதாவது சொன்னானா என்று மூன்று நாளாக ஸ்டேஷனில் வைத்துக் கேட்கிறீர்கள். சொன்னான். "போதும்ப்பா, நீங்க சொன்னதுதான் சரி" என்றான். தெளிவாகவே காதில் விழுந்தது. சொல்லிக்கொண்டே ஒரு காலை வெளியே எடுத்து வைத்தான்.

ஆனால் அது பயத்தில் வந்த பேச்சு ஐயா. அதற்கு என்ன மதிப்பு? முதலில் "என் தலையிலயே விழட்டும்" என்று நின்று சொன்னான் பாருங்கள், அதுதான் ஆம்பளைச் சொல். அதைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். என் ஆயுசில் ஒரு மனுஷன் வாக்கை நான் நம்பியது அந்த ஒரு தடவைதான்.