தலை திருப்பிய கிளெம்

— படம் பிடிச்ச உங்களுக்கே தெரியலேன்னா நான் யார்கிட்ட போய்க் கேப்பேன், வாஸ் ஐயா? இதுல எங்க கிளெம் எங்கே?

— இரு ஆர்ஃபா, சொல்றேன் கேளு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒம்பது, ஜூலை நாலு, சுதந்திர தின ஊர்வலம். படத்தைப் போஸ்ட்கார்டா போட்டேன், ஆளுக்கு ரெண்டு வாங்கினாங்க, ஒண்ணு வெளியூருக்கு அனுப்ப, ஒண்ணு அலமாரியில வைக்க. அப்போ ஊருக்கே போஸ்ட்கார்டு பைத்தியம். ம்... இந்தா, பேங்க் வாசல்ல, வலது ஓரம்.

— இதுவா? முகமே இல்லையே! புகை மாதிரில்ல இருக்கு!

— மூணு எண்ணுற வரைக்கும் யாரும் அசையாதீங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேன். குதிரைகூட நின்னுச்சு. உன் புருஷன் மட்டும் தலையைத் திருப்பிட்டான்.

— அடப் போங்க ஐயா. வீடு எரிஞ்சதுல கல்யாணப் படம்கூட மிஞ்சலை. விஷக் காய்ச்சல்ல அவர் போனப்போ நெட்டி என் வயித்துல. இப்போ அவளுக்கு அஞ்சு வயசாகுது, அப்பா எப்படி இருப்பார்னு கேக்குறா. எனக்கே அந்த முகம் மறந்துடுமோன்னு பயமா இருக்கு.

— நான் படம் பிடிச்ச வேற கண்ணாடித் தகடு எதுலயும் அவன் இல்லையேம்மா. சொல்றேன் கேளு, பேனாவால மூக்கும் வாயும் வரைஞ்சு தரட்டா? மேயருக்கு மீசையே வச்சிருக்கேன்.

— எவன் மூக்கையோ ஒட்டி, இதான் உங்கப்பான்னு காட்டவா?

— பின்னே என்னதான் செய்யறது? பதினாலு வருஷமா அவனைத் திட்டுறேன். நல்ல தகட்டைக் கெடுத்துட்டான், அப்படி என்னத்தைப் பார்த்தானோ!

— அந்தப் பூதக்கண்ணாடியைக் குடுங்க. பேங்குக்கு மேல... அது நான் வேலை பார்த்த தொப்பிக் கடை மாடிதானே?

— ஆமா. ஜன்னல்ல யாரோ பொண்ணு, கையில தொப்பியோட.

— நான்தான் ஐயா. தையல் வேலைக்கு வந்து அன்னிக்கு மூணாம் நாள். கொட்டுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன்.

— அட! அப்போ அவன் திரும்பினது... சரி, நகரு, லேசா முகத்தை மட்டும் வரைஞ்சு விடுறேன்.

— பேனாவைக் கீழே வைங்க. ஒரு கோடு போடக் கூடாது. நெட்டிக்கு இப்படியேதான் காட்டப் போறேன்.

— ஏம்மா அழறே?

— கிளெம், பாவி மனுஷா, ஜூலையிலயே என்னைப் பார்த்துட்டு, அக்டோபர்ல சர்ச் விருந்துல என்கிட்ட வந்து, “உங்களை இந்த ஊர்ல பார்த்ததே இல்லையே”ன்னு கேட்டீங்களே!