மூடி போட்ட கம்பளிச் சாடி

கம்பளியை வெந்நீரில் நனைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். நான் பதினான்கு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். நனைத்தால் சுருங்கும், கெட்டிப்படும், இழையோடு இழை சிக்கிக்கொண்டு பிறகு பிரியவே பிரியாது. ஸ்வெட்டருக்கு அது கேடு. என் கிண்ணங்களுக்கும் சாடிகளுக்கும் அதுதான் உயிர்.

உங்கள் மேசைமேல் இருக்கும் சாடி செந்தாமரை செய்தது. கையில் எடுத்துப் பாருங்கள் மேடம். தையல் கிடையாது, தறி கிடையாது, பசை கிடையாது. பஞ்சுபோலப் பிரித்த கம்பளியைக் குறுக்கும் நெடுக்குமாக ஆறு அடுக்கு பரப்பி, நடுவில் ஒரு பிளாஸ்டிக் வட்டத்தைக் கொடுத்து, சோப்பு கலந்த வெந்நீர் விட்டுத் தேய்த்து, கோரைப்பாயில் சுருட்டி உருட்டினால் வருவது. நகத்தால் கிள்ளுங்கள். ஒரு இழை எழும்பாது. நாற்பது பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். இப்படிக் கை வந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

என் கைகளைப் பார்க்கிறீர்கள். எனக்குச் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை. நான்கு வருடத்துக்கு முன்பே விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. இனிமேல் தண்ணீரில் கை வைக்காதீர்கள் என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து செந்தாமரையின் கைதான் என் கை. நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வேன், அவள் செய்வாள். அடியில் ஈஸ்வரி என்று முத்திரை குத்துவோம். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் என்னிடம் சொல்லியிருப்பாள்.

சாடி எதற்கு என்று கேட்டீர்கள். அது பட்டறையின் போன் சாடி. திருக்காட்டுப்பள்ளியில் என் பட்டறைக்கு யார் வேலைக்கு வந்தாலும் முதலில் போனை அதில் போட்டு மூட வேண்டும். உருட்டத் தொடங்கிவிட்டால் பாதியில் கை எடுக்கக் கூடாது, எடுத்தால் ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் தொய்ந்துவிடும். ஒருமுறை ஒருத்தி போன் பேச எழுந்துபோய் மூன்று நாள் வேலை கோணிப்போனது. அதிலிருந்து இந்த வழக்கம். அந்தக் கனத்துக் கம்பளிக்குள் போன் அடித்தால் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். நான்தான் எப்போதும் அதன் பக்கத்தில் உட்காருவேன்.

அவள் புருஷன் தியாகேசன் நல்ல பிள்ளை. குறை சொல்ல மாட்டேன். லோடு ஆட்டோ ஓட்டினான். எங்கள் கம்பளியை அலசிக் காயவைப்பதும் அவன்தான். ஊட்டியிலிருந்து வரும்போது அதில் ஆட்டின் எண்ணெய்ப் பசை இருக்கும். ஊருக்கு வடக்கே கொள்ளிடத்தில் கணுக்கால் அளவு ஓடும் தண்ணீரில் அலசி, நடு ஆற்று மணல் மேட்டில் விரித்துவிட்டால் ஒரே பகலில் சரசரவென்று காய்ந்துவிடும். சிமெண்டுத் தரையில் காய்ந்தால் அந்தப் பதம் வராது.

ஆடி மாதக் கடைசி வியாழக்கிழமை அவன் பட்டறை வாசலில் வந்து நின்றான். ஒரு சீப்பு பூவம்பழம் கையில் இருந்தது.

"அக்கா, ஆவணி பொறந்ததும் மன்னார்குடிக்குப் போயிடலாம்னு இருக்கோம். தெப்பக்குளத்துக்கிட்ட ஒரு எடம் பாத்துட்டேன். தாமரை சொந்தமா பண்ணட்டுங்க்கா. நீங்கதான் வந்து ஆரம்பிச்சு வைக்கணும்."

"அதுக்கென்னப்பா, வரேன். அவ என்ன சொல்றா?"

"அவ உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு பயந்துக்கிட்டு இருக்கா. அதான் நான் வந்தேன்."

எனக்கு வயிறு எரிந்தது மேடம். அதை மறைக்க மாட்டேன். அவளுக்கு என்னிடம் பயம் என்று அவன் சொன்னதுதான் பொறுக்கவில்லை. பயப்படும்படி நான் என்ன செய்தேன்? பழத்தை வாங்கிக்கொண்டேன். மேட்டில் விரித்த கம்பளியை நாளைப் பகலில் போய் மூட்டை கட்டிக் கொண்டுவா என்று சொல்லி அனுப்பினேன். அது எப்போதும் சொல்வதுதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மற்றவர்கள் எல்லாம் அம்மன் கோயில் கூழுக்குப் போய்விட்டார்கள். பட்டறையில் நானும் செந்தாமரையும் மட்டும். சென்னை ஹோட்டல் ஒன்றுக்கு இடுப்பளவு உயரச் சாடி. அதுவரை நாங்கள் அவ்வளவு பெரிதாகச் செய்ததில்லை. பதினொன்றரைக்கு தியாகேசன் வாசலில் ஆட்டோவை நிறுத்தி, "கொள்ளிடத்துக்குப் போறேங்க்கா" என்று குரல் கொடுத்துவிட்டுப் போனான்.

போன வாரம் உங்களிடம், தண்ணீர் திறந்த தகவல் எங்களுக்கு வரவில்லை என்றேன். அது சரியில்லை. வந்தது. பன்னிரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். மேட்டூர் நிரம்பிவிட்டது, உபரி நீர் கொள்ளிடத்தில் வருகிறது, யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம், ஆடுமாடுகளை ஓட்டிவிடுங்கள். தெளிவாகத்தான் போட்டிருந்தார்கள். அவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. என் போன் மட்டும் என் மடியில் இருக்கும். படித்தேன். தியாகேசனைக் கூப்பிட எடுத்தேன். மூன்று மூட்டையையும் கட்டிவிடட்டும், அதற்குள் என்ன வந்துவிடப்போகிறது என்று வைத்துவிட்டேன். இதுவரைக்கும் நீங்கள் அசட்டை என்று எழுதலாம்.

செந்தாமரையின் போன் அடித்தது கேட்கவில்லை என்றும் சொல்லியிருந்தேன். அதையும் திருத்திக்கொள்ளுங்கள். பன்னிரண்டே முக்காலுக்குப் போன் சாடி அதிர ஆரம்பித்தது. மூடிமேல் கை வைத்துக்கொண்டேன். விட்டு விட்டு அதிர்ந்தது. ஐந்தாவது தடவையோ என்னவோ, அவள் தலை நிமிர்ந்தாள்.

"அக்கா, எம் போனு அடிக்குதா?"

"கோயில் ஸ்பீக்கர்டி. கையை எடுக்காத, ஓரம் பிரிஞ்சிடும்."

"இல்லக்கா, என்னமோ மாதிரி இருக்கு. ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

"இன்னும் நூறு உருட்டு. எண்ணிக்கிட்டே பண்ணு. நான் போய் வெந்நீர் கொண்டாரேன்."

எண்ணச் சொன்னால் அவள் வேறெதையும் நினைக்க மாட்டாள். பழக்கம் அப்படி. வெந்நீர்ப் பானையோடு அவள் போனையும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். ஏழாவது அழைப்பு அடுப்படியில் வந்தது. அதை எடுத்தேன்.

"தாமரை, தண்ணி ஏறுது. தீயணைப்பு வண்டி வர முக்கால் மணி நேரம் ஆகுமாம். உங்க அண்ணனைப் பரிசலை எடுத்துட்டு வரச் சொல்லு. நான் போன் போட்டா எடுக்க மாட்டாரு."

அவள் அண்ணன் புகழேந்தி கொள்ளிடக் கரையில் பரிசல் வைத்திருக்கிறான். இவர்கள் கல்யாணம் அவனுக்குப் பிடிக்கவில்லை. மாப்பிள்ளையின் நம்பரையே தடுத்து வைத்திருந்தான். தங்கை கூப்பிட்டால் மட்டும் எடுப்பான். மேட்டிலிருந்து அவன் பரிசல் பத்து நிமிடத் தூரம். தீயணைப்பு வர முக்கால் மணி நேரம் என்று தியாகேசனே சொல்லிவிட்டான். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும்.

"ஈஸ்வரி பேசறேன்பா. அவ வேலையில இருக்கா."

"அக்கா, நீங்களாவது அவர்கிட்ட சொல்லுங்கக்கா. மேட்டுமேல முழங்காலுக்கு வந்துடுச்சு. இழுக்குதுக்கா."

"மூட்டையெல்லாம் நனைஞ்சிடுச்சா?"

தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு "அக்கா" என்றான். சரிப்பா, சொல்றேன், பதறாம நில்லு என்று சொல்லிவிட்டு, அந்த ஒரு அழைப்பின் பதிவை மட்டும் அழித்து, அவள் போனை சுவிட்ச் ஆஃப் செய்தேன். நாற்பத்தெட்டு விநாடி என்று உங்கள் காகிதத்தில் இருக்கிறது. எனக்குக் கூடுதலாகத் தோன்றியது.

போனைச் சாடியில் போட்டு மூடினேன். வெந்நீர் ஊற்றினேன். அவள் தொண்ணூற்று ஆறில் இருந்தாள். ஒன்றரை மணிக்கு ஹோட்டல் சாடியின் வாயை வெட்டித் திறந்து, உள்ளிருந்த பிளாஸ்டிக்கை உருவி நிமிர்த்தினோம். சுற்றிலும் ஒரே கனம். அவள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள். இதை ஹோட்டலுக்குக் கொடுக்க வேண்டாம் அக்கா, நாமே வைத்துக்கொள்ளலாம் என்றாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததில்லை. பிறகு போனை எடுத்துப் பார்த்து, சார்ஜ் போயிடுச்சு போல என்றாள். அதற்குள் தெருவில் ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது.

உடல் மறுநாள் கிடைத்தது. அவளைத் தனியே விட மனம் வரவில்லை. என் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். ராத்திரியெல்லாம் ஒரே கேள்விதான். "நான் போனைக் கையில வச்சிருந்தா அவரு இருந்திருப்பாருல்லக்கா?" உன் மேல் தப்பில்லைம்மா, யாருக்குத் தெரியும் என்று தலையைத் தடவிக்கொண்டே இருப்பேன். சாப்பிட மறுத்தால் ஊட்டிவிடுவேன். பதினேழாம் நாள் தானாகவே எழுந்து பட்டறைக்கு வந்து பாயை விரித்தாள். அன்று எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா மேடம்? மன்னார்குடிப் பேச்சே எழவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர் வருவது எனக்குத் தெரியும். அவன் எங்கே நிற்கிறான் என்று தெரியும். பரிசலைக் கூப்பிட ஒரு வார்த்தை போதும் என்று தெரியும். அவன் போய்விட்டால் அவள் இருப்பாள் என்றுதான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

புகார் கொடுத்ததே செந்தாமரைதான் என்கிறீர்கள். போன் கம்பெனியில் கேட்டு அந்த அழைப்புப் பட்டியலை வாங்கியதும் அவள்தான் என்கிறீர்கள். அண்ணன்காரன் பேச்சைக் கேட்டிருப்பாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாள், சரி. இரண்டு நாள் போகட்டும், கோபம் ஆறினால் எனக்குச் சோறு எடுத்துக்கொண்டு அவளே வருவாள். புருஷனும் இல்லாமல், அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.