இல்கெர் இங்கே இருக்கிறார்

பின்மதியம் நாலு மணி இருக்கும். நவம்பர் மாதம். தாஷ்கோப்ரு ஊரைத் தாண்டி மலைக்குள் பிரிகிற சாலை... எதிரே ஒரு வண்டி இல்லை. மூடுபனி என்றால் அப்படி ஒரு மூடுபனி. விளக்கைப் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரிகிறது. கண்ணாடியைத் துடைக்கிற ரப்பர் தேய்ந்துபோய், கிறீச்... கிறீச்...

பொறுங்கள். அந்தத் தம்பி முதலில் போனைக் கீழே வைக்கட்டும். என்ன போட்டாய்? "போலு மலையில் பனியில் சிக்கினேன், துஆ செய்யுங்கள்" என்றா? பேருந்து பத்திரமாக நிற்கிறது. இந்தச் சாலையோரக் கடையில் அடுப்பு எரிகிறது. கையில் சுடச்சுடப் பருப்பு சூப். உனக்கு என்ன கேடு வந்துவிட்டது என்று ஊரே துஆ செய்ய வேண்டும்? வை, வை. உனக்காகத்தான் இந்தக் கதை. மற்றவர்களும் அடுப்புப் பக்கம் நெருங்கி உட்காருங்கள். விடியும்வரை பாதை திறக்காதாம்.

இது என் நண்பன் நெவ்சாத்தின் மச்சானுக்கு நடந்தது. மனைவியின் தம்பி. பெயர் இல்கெர். அந்த மூடுபனிக்குள் போன காரில் இருந்தது நெவ்சாத்தும் இல்கெரும் மட்டும்தான். நெவ்சாத்தும் நானும் ஈராக்கில், எர்பிலில் கட்டட வேலையில் வருஷக்கணக்காக ஒரே அறையில் கிடந்தவர்கள். அவனுக்குக் கதை கட்ட வராது. சீட்டாட்டத்தில்கூட முகத்திலேயே எல்லாம் தெரிந்துவிடும்.

இல்கெரைப் பற்றி மரியாதையாகப் பேச எனக்கு வராது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

நாம் இருக்கிற இடத்தை ஊருக்குச் சொல்லுகிற அந்தப் போன் விளையாட்டு இஸ்தான்புல்லையே ஆட்டிவைத்த காலம் அது. எங்கே போனாலும் ஒரு பொத்தான். அமுக்கினால் உன் கூட்டாளிகள் அத்தனை பேர் போனிலும் ஒரு வரி வரும்: 'இல்கெர் இங்கே இருக்கிறார்.' அதற்குப் புள்ளிகள், பதக்கங்கள். ஒரு கடைக்கு மற்றவர்களைவிட அதிகமாகப் போனவன் அந்தக் கடைக்குத் தலைவர். பெயருக்கு மேல் பொட்டு அளவுக்கு ஒரு கிரீடம் வரும், நாக்கு வழிக்கக்கூட உதவாது. அதற்காகப் படித்தவர்கள், பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்கள், டாக்சி பிடித்துப் போய்க் கடை வாசலில் நின்று அமுக்கிவிட்டு ஒரு டீகூடக் குடிக்காமல் திரும்பி வருவார்கள். என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தூ.

இல்கெர், பெபெக் கடற்கரையில் ஒரு காபிக்கடைக்குத் தலைவராக இருந்தான். கடைக்காரனுக்கு இவன் யாரென்றே தெரியாது, அது வேறு விஷயம். எவனோ ஒரு பல் டாக்டர் அந்தப் பட்டத்தைப் பிடுங்கப் பார்த்தான். அவனும் தினம் வந்தான், இவனும் தினம் போனான். ஒரு நாள் விட்டாலும் கிரீடம் கைமாறிவிடும். இதுதான் அவன் வாழ்க்கையில் அப்போதிருந்த பெரிய கவலை.

அந்தச் சமயத்தில்தான் அப்பா படுக்கையில் விழுந்தார். ரெம்ஸி பெரியவர், ஊரில் பூண்டு பயிரிட்டு இவனைப் படிக்கவைத்தவர். ஊருக்குப் பக்கத்தில் கஸ்தமோனுவில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பிழைக்க மாட்டார் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அக்காவுக்கு, அதாவது நெவ்சாத் மனைவிக்கு, அப்போதுதான் பிள்ளை பிறந்திருந்தது, நாற்பது நாள் கழியாமல் வாசல் தாண்டக் கூடாது. நெவ்சாத் என்னோடு எர்பிலில். மிச்சம் இருந்தது ஒரே மகன். அம்மா முனிரே போன் மேல் போன் போட்டாள்.

"அப்பா கண்ணைத் திறந்தா வாசலைத்தான்டா பாக்கறாரு. முகத்தைக் காட்டிட்டுப் போயிடுடா."

"வேலை தலைக்கு மேல கிடக்கும்மா. நாளைக்குப் பாக்கலாம்."

என்ன வேலை? காபிக்கடை வேலை.

பிறகு அவன் என்ன செய்தான் தெரியுமா? இருக்கிற இடத்தை மாற்றிக் காட்ட ஒரு திருட்டு வழி இருந்தது. பெபெக்கில் கேக்கும் காபியுமாக உட்கார்ந்துகொண்டு, ஆஸ்பத்திரியில் இருப்பதாக அமுக்கினான். 'இல்கெர் இங்கே இருக்கிறார். அப்பாவின் கையைப் பிடித்தபடி. துஆ செய்யுங்கள்.' எர்பிலில் நெவ்சாத் அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நானும் சேர்ந்து அழுதேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

தினமும் அமுக்கினான். கொஞ்ச நாளில் அந்த வார்டுக்கே தலைவர் ஆகிவிட்டான். சாகக் கிடக்கிறவர்களின் வார்டு! அதற்குப் போய் ஒருவன் கிரீடம் வைத்துக்கொண்டான். அதற்கும் நாலு பேர் கைதட்டிப் படம் அனுப்பினார்கள்.

ஒன்று மட்டும்... முதல் தடவை அமுக்கிய அன்றைக்கே அம்மாவின் போன் நின்றுவிட்டது. அதன்பிறகு ஒரு அழைப்பு இல்லை. கோபம் போலிருக்கிறது என்று நினைத்தான். தொல்லை விட்டது என்றும் நினைத்தான், அதையும் நெவ்சாத்திடம் அவனே சொல்லியிருக்கிறான்.

அப்பா போய்விட்டார். அக்காதான் போனில் அழுதாள். "நல்லவேளை, கடைசி நேரத்துல நீயாச்சும் பக்கத்துல இருந்தியேடா" என்றாள். இவன் "ம்" என்றான். மறுநாள் ஊர் மையவாடியில், அடக்கம் செய்கிற இடத்தில், இருப்பதாக அமுக்கினான். 'என் கையாலேயே அப்பாவை மண்ணுக்குள் இறக்கினேன்.' புது இடத்துக்கு முதல் வருகை என்று அதற்கும் ஒரு பதக்கம் விழுந்தது. திரை முழுக்கக் கலர் காகிதம் பறந்ததாம்.

இறந்த நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதுவதற்கு நெவ்சாத் லீவு போட்டு வந்தான். கைக்குழந்தைக்குச் சளி, மனைவி வரவில்லை. மச்சானை மட்டும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். அந்தச் சாலைதான்... அந்த மூடுபனிதான்...

பாதி வழியில் இல்கெர் உடைந்துவிட்டான்.

"அத்தான்... நான் ஊருக்குப் போகவே இல்ல. ஆஸ்பத்திரிக்கும் போகல, அடக்கத்துக்கும் போகல. எல்லாம் போன்லதான்."

நெவ்சாத் வண்டியை ஓரம் கட்டி இறங்கிவிட்டான். பனிக்குள் நின்று ஒரு சிகரெட்டை முழுதாகப் பிடித்து முடித்தான். அடிக்கக் கை வந்தது, இவன் அக்கா முகத்துக்காக விட்டேன் என்று என்னிடம் சொன்னான். திரும்ப வந்து உட்கார்ந்ததும் இல்கெர் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஊர் காறித் துப்பினா துப்பட்டும் அத்தான். அம்மா என்னைச் சேத்துக்குவாங்களா? எனக்குப் புள்ளையே இல்லன்னு சொல்லிட்டாங்கன்னா?"

நெவ்சாத் சாவியைத் திருகினான். வண்டியைக் கிளப்பினான்.

வீடு வந்தது. இரண்டு தட்டு மரவீடு. உள்ளே பன்னீர் வாசனை, அல்வாவுக்கு மாவு வறுபடுகிற வாசனை, உத்தரத்தில் சரம் சரமாகத் தொங்குகிற பூண்டு. அதற்கெல்லாம் அடியில் இன்னொரு வாசனை... புதிதாக வெட்டிய ஈரமண். மழைக்காலம், யாரோ செருப்போடு வந்திருப்பார்கள் என்று நெவ்சாத் நினைத்தான்.

சித்தப்பா ஜெவ்தெத் வாசலுக்கே ஓடி வந்தார். துப்பவில்லை. இல்கெரை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"புள்ளன்னா நீதான்டா புள்ள. ராவும் பகலும் ஒரு பொட்டுத் தூக்கமில்லாம, புடிச்ச கையை விடாம உக்காந்திருந்தியே. எங்கண்ணன் குடுத்துவெச்சவரு."

நெவ்சாத்துக்கு முதுகு சில்லிட்டது. இல்கெருக்கு? முதலில் முகம் வெளுத்தது, உண்மைதான். பிறகு உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "தப்பிச்சேன் அத்தான்" என்று காதில் கிசுகிசுத்தான். அங்கே உட்கார்ந்திருந்தது யார், எப்படி என்று கேட்கக்கூட அந்த ஜென்மத்துக்குத் தோன்றவில்லை. ஆண்களுக்கு நடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். ஒவ்வொருவராக வந்து தோளைத் தட்டினார்கள். "என் கடமைதானே" என்றான்.

ஓதி முடிந்தது. அல்வா கொடுத்தார்கள். கூட்டம் கலைந்தது. கடைசியாகச் சித்தப்பா வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே நின்றார்.

"டேய், ஒண்ணு கேக்கணும். நீதானே குழிக்குள்ள இறங்கின. நாங்க மேலருந்து அண்ணனைக் குடுத்தோம், வாங்கிப் படுக்கவெச்ச. பலகையை ஒண்ணொண்ணா வாங்கிச் சாத்தின. ஏறுடான்னு நான் கை நீட்டினேன்... நீ புடிக்கல. வேற யாரோ தூக்கிவிட்டாங்கன்னு நெனச்சு மண்ணைத் தள்ளிட்டோம். அப்புறம் உன்னைக் காணோம். வீட்டுக்கு வந்துட்டான்னு அண்ணி சொன்னாங்க. அன்னிக்கு இருந்த ஒவ்வொருத்தனையும் கேட்டுப் பாத்துட்டேன்டா. ஒருத்தனும் உன்னைத் தூக்கிவிடலையாம். நீ எப்படிடா ஏறின?"

சித்தப்பா கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பனிக்குள் போய்விட்டார்.

இல்கெர் சமையற்கட்டுக்கு ஓடினான். நெவ்சாத் பின்னாலேயே போய்க் கதவருகில் நின்றான். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு டீ கிளாஸ்களை அலசிக்கொண்டிருந்தாள். கிளிங்... கிளிங்...

"அம்மா, நான் வரலம்மா. அப்பாகிட்ட நான் வரவே இல்ல. போன்ல பொய் போட்டேன்."

கிளாஸ் சத்தம் நிற்கவில்லை.

"தெரியும்."

"அம்மா..."

"மொத நாளே தெரியும்டா. போன் இல்லாம நீ ஒரு எடத்துல ஒரு நிமிஷம் உக்காருவியா? அது உக்காந்துச்சு. கை ஐஸா இருந்துச்சு. வாயத் தொறந்து ஒரு பேச்சில்ல. ஆனா உங்கப்பா கண்ணத் தொறந்தப்பல்லாம் பக்கத்துல இருந்துச்சு. 'முனிரே, புள்ள வந்துட்டான்'னு சிரிச்சிக்கிட்டே போனாரு மனுஷன். நான் எதுக்கு அதைத் தொரத்தணும்?"

இல்கெர் அப்படியே மண்டியிட்டு அவள் ஈரக் கையைப் பிடித்து முத்தமிட்டான். நெற்றியில் ஒற்றிக்கொண்டான். தேம்பித் தேம்பி அழுதான். அந்த ஒரு அழுகை மட்டும் நிஜம் என்று நெவ்சாத் சொல்வான்.

"மன்னிச்சிடும்மா. இனிமே இங்கயே இருக்கேன். எனக்கு எதுவும் வேணாம். மேல என் ரூம்ல படுத்துக்கறேன்."

அவள் அப்போதுதான் முதல் தடவையாகத் திரும்பினாள். கையை மெதுவாக உருவிக்கொண்டாள். வழி கேட்க வந்த ஆளைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தாள். கோபமே இல்லை.

"ரூம் காலியில்லப்பா."

மேலே பலகை அசைந்தது. க்ரக்... ஒரு அடி. நின்றது. இன்னொரு அடி. உத்தரத்து இடுக்கிலிருந்து ஈரமண் பொலபொலவென்று அடுப்பு மேடையில் உதிர்ந்தது. முனிரே அம்மாள் துணியை எடுத்து அதைத் துடைத்தாள். தினமும் துடைத்துப் பழகிய கை என்று பார்த்தாலே தெரிந்தது.

ஒரு கிளாஸில் டீ ஊற்றினாள். ஒன்றே ஒன்றுதான். சர்க்கரைக் கட்டியைத் தட்டில் வைத்தாள். இல்கெரைச் சுற்றிக்கொண்டு போய்ப் படிக்கட்டின் கீழே நின்றாள்.

"இல்கெர்... கண்ணு, டீ மேல எடுத்துட்டு வரட்டுமா?"

இல்கெர் அடுப்படித் தரையிலேயே மண்டியிட்டுக் கிடந்தான். மேலிருந்து பதில் வந்தது.

"நீ ஏறாதம்மா, முட்டி வலிக்கும். நானே கீழ வரேன்."

குரல் இல்கெருடையதேதான் என்று நெவ்சாத் சொல்வான். ஆனால் இல்கெர் தன் அம்மாவிடம் அப்படிப் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை.