மருத்துவச்சி வாளெடுக்க நினைத்தாள்

மயூரி பொரித்துக் கொண்டுவரும் கறிபாப் பலகாரத்தில் உருளைக்கிழங்கு எப்போதும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. நீலாயிலிருந்து லிங்கிவரை, செம்பனைத் தோட்டத்துக்குள் எங்கள் வீட்டைத் தேடி ஞாயிறுதோறும் காரோட்டி வருகிற என் மனைவியின் தோழியிடம் போய்க் குறை சொல்வதா? இப்போது என்மேல் புகார் கொடுத்திருப்பதும் அவள்தான். எனக்குக் கோபமில்லை, இன்ஸ்பெக்டர். கோபப்படவும் தெம்பு வேண்டும்.

விளையாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு அது. கதையை நடத்துவது நான். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். என் மனைவி பமீலாவுக்கு மருத்துவச்சி. வாளோடு முன்னே போகிறவர்கள் அடிபட்டு விழுந்தால், பின்னால் நின்று மந்திரத்தால் எழுப்பிவிடுவாள். மோட்டார் விபத்தில் இடுப்பும் காலும் முறிந்து படுக்கையில் விழுந்தவளுக்குப் பொழுதுபோகட்டும் என்று நான்தான் ஆரம்பித்துவைத்தேன்.

தூக்குவது, குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் நான். மில்லில் ஃபிட்டர் வேலை முடிந்து வந்தால் வீட்டில் இந்த வேலை. ஓய்ந்துபோனேன், மறைக்கவில்லை. ஆனால் மாதாகோவிலில், "கிளென் மாதிரி புருஷன் கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்பார்கள். அதைக் கேட்டால் முதுகுவலி கொஞ்சம் குறையும்.

சென்ற மாதம் அவளுடைய மருத்துவச்சி அடுத்த நிலைக்கு உயர்ந்தாள். மருத்துவத்திலேயே தொடர்ந்தால் இறந்தவரை எழுப்பும் மந்திரம் கிடைக்கும். இல்லையென்றால் போர்வீராங்கனையாகவும் முதல் நிலையிலிருந்து தொடங்கலாம். ஒரே ஆளுக்கு இரண்டு தொழில். மல்டிகிளாஸ் என்பார்கள். நான் நியாயமாகத்தான் எடுத்துச் சொன்னேன். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஆகிவிடும், இரண்டும் அரைகுறையாகப் போகும் என்றேன்.

"எத்தன நாளைக்குங்க பின்னாடியே நின்னுகிட்டிருக்கறது?" என்றாள். "நானும் முன்னால நடந்து பாக்கறேன் லா."

மயூரி சிரித்தாள். "நட லா. அப்படியே நீலாய்க்கு வந்துரு. ஒன் பழைய ஆபிஸ்ல ஆள் தேடுறாங்க. வேலை நாள்ல என்கூடத் தங்கிக்கலாம்."

பமீலா என்னைப் பார்க்கவில்லை. இதை இருவரும் முன்பே பேசி முடித்திருக்கிறார்கள் என்று புரிந்தது. அந்த வாரம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவளே அடுப்படிவரை போய் எனக்குத் தேநீர் போட்டாள். தேநீர் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் பாதியைக் குடித்துவிட்டு மீதியைத் தொட்டியில் ஊற்றினேன்.

வாக்கரின் கால் உயரத்தைப் பிடித்து நிறுத்த ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அதை அரத்தால் தேய்த்தேன். கொஞ்சந்தான். சும்மா பிடித்து நின்றால் தாங்கும். முழு பாரத்தையும் சாய்த்தால் நழுவும். லேசாகத் தடுமாறுவாள், பயந்துபோய்க் கொஞ்ச நாள் உட்காருவாள் என்று நினைத்தேன். குளியலறைப் படியில் நழுவும் என்று நினைக்கவில்லை.

விழுந்ததும் கூப்பிட்டாள். நான் வெளியே குழாயடியில் இருந்தேன். உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றேன். அவள் என்னை அப்படிக் கூப்பிட்டு நாளாகியிருந்தது.

இனி நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன ஞாயிறு அவள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து விளையாடினோம். மயூரி மட்டும் மூலையில் கிடந்த வாக்கரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பமீலாவிடம், என்ன முடிவு செய்தாய் என்று கேட்டேன்.

"மருத்துவச்சியாவே இருந்துடறேங்க," என்றாள் கூரையைப் பார்த்தபடி. "நீங்க சொன்னதுதான் சரி."

ஆமாம், தேய்த்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த முடிவை அவளே யோசித்து, அவளே எடுத்தாள் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். நான் ஒரு வார்த்தைகூட வற்புறுத்தவில்லை.