கிணற்றில் மிதந்த டின்

திண்டுக்கல்லில் பஸ் கிளம்பியதிலிருந்து முன் இருக்கைக்காரர் ஜன்னல் வழியே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மனைவி. மடியில், வடமதுரையில் இருக்கும் மகளுக்கு, துணியில் கட்டிய பலகாரம்.

"ஏங்க, கெணத்து டின்னுக்குள்ள மணலை எதுக்குப் போட்டு வச்சீக?"

அந்தக் கேள்விக்குத்தான் நான் காது கொடுத்தேன்.

"எம்புட்டுத் தடவ சொல்றது? தண்ணி இருக்கிற வரைக்கும் டின்னு மிதக்கும். தண்ணி இறங்குனா மணல் கனத்துல தொங்கி, கயிறு சுவிச்சை இழுத்து மோட்டாரை அமத்திரும்."

"டின்னு இல்லாட்டி?"

"வெறுங் கெணத்துல ஓடி, போன கோடை மாதிரி கருகும். கட்டையை விட்டுப் பாத்தேன், ஊறி முங்கிருச்சு. சுரக்குடுக்கை ஒடஞ்சு போச்சு. இந்த டின்னுதான் நின்னுச்சு. அதை நம்பித்தான் மோட்டாரை ஓடவிட்டுட்டு வாரேன்."

அந்த அம்மாள் மடியிலிருந்த மூட்டையை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"நல்ல டின்னு, தண்ணியில கெடந்து துருப்பிடிக்குதேன்னு நெனச்சேன். நீங்க குளிக்கப் போனப்ப அவுத்துட்டேன். மணலைக் கொட்டி, புளி போட்டுத் தேச்சுக் கழுவி, அதுலதான் முறுக்கை அடுக்குனேன்."

அவர் மூட்டையைப் பார்த்தார். எழுந்து நின்றார்.

"கண்டக்டர், செத்த நிப்பாட்டுங்க."

"அப்ப முறுக்கு?"

அவர் மூட்டையை அவிழ்த்து டின்னைக் கையில் எடுத்தார். தோள் துண்டை உதறி மனைவியின் மடியில் விரித்தார்.